அடுத்த எழுத்தைக் கணக்கிட்டவர்: ஆந்த்ரேய் மார்கோவும் நாம் இன்று எழுதும் ப்ரொம்ப்ட்களும்

ரஷ்யாவில் அப்போது வழக்கிலிருந்த பழைய நாட்காட்டியின்படி 1913 ஜனவரி 23ஆம் திகதி. சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் இருந்த பேரரசின் விஞ்ஞானக் கழகத்தில் 56 வயதான கணிதப் பேராசிரியர் ஒருவர் தனது ஆய்வொன்றை முன்வைத்தார். அவர் ஆராய்ந்தது ரஷ்ய மகாகவி புஷ்கின் எழுதிய 'யெவ்கேனி ஒனேகின்' என்ற கவிதை நாவலை. அதன் கதையோ காதலோ அவரது அக்கறையாக இருக்கவில்லை. நாவலின் தொடக்கத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்து எத்தனை, மெய்யெழுத்து எத்தனை, எதன் பின்னால் எது வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கையால் எண்ணியிருந்தார்.

அவர் பெயர் ஆந்த்ரேய் ஆந்த்ரேயெவிச் மார்கோவ். கணினி என்ற சாதனம் உருவாகுவதற்கு முன்பே இறந்துபோனவர். ஆனாலும் சட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் எப்படி வேலை செய்கின்றன, அவற்றிடம் ஒரு வேலையை எப்படிக் கேட்டு வாங்குவது என்று புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இவரிடமிருந்து தொடங்குவது நல்லது. 'இந்த மந்திரச் சொற்களைப் பயன்படுத்துங்கள்' என்று சொல்லித்தரும் காணொளிகள் சமூக ஊடகங்களில் நிறைய உலவுகின்றன. ப்ரொம்ப்ட் எழுதுவதில் மந்திரம் எதுவும் இல்லை. அதன் அடியில் இருப்பது, முன்னால் என்ன வந்தது என்று தெரிந்தால் பின்னால் என்ன வரும் என்ற கணிப்பு மாறிவிடும் என்ற எளிய உண்மை. அந்த உண்மையை மொழியை வைத்து எண்ணிக் காட்டிய முன்னோடி மார்கோவ்.

ஊன்றுகோலுடன் ஒரு சிறுவன்

மார்கோவ் 1856 ஜூன் 14ஆம் திகதி ரஷ்யாவின் ரியாசான் பகுதியில் பிறந்தார். தந்தை வனத்துறை உத்தியோகத்தர். பின்னர் தனியார் பண்ணையொன்றின் நிர்வாகியாகப் பணியாற்றியவர். சிறுவயதிலேயே நோய்வாய்ப்பட்ட மார்கோவ் பத்து வயது வரை ஊன்றுகோல்களின் துணையுடன்தான் நடந்தார். சத்திரசிகிச்சைக்குப் பிறகே அவற்றைக் கைவிட முடிந்தது.

குடும்பம் சென் பீற்றர்ஸ்பேர்க்கிற்குக் குடிபெயர்ந்தது. அங்கே பாடசாலையில் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் அவர் சுமாரான மாணவர். கணிதத்திலோ பாடசாலை நாட்களிலேயே வகையீட்டுச் சமன்பாடுகள் பற்றி ஒரு கட்டுரை எழுதி, நாட்டின் முன்னணிக் கணிதவியலாளர்களுக்கு அனுப்பிவைத்தார். அதிலிருந்த முடிவு ஏற்கெனவே அறியப்பட்டதுதான். ஆனால் அந்தக் கட்டுரை அவர்களுடைய அறிமுகத்தைத் தேடித்தந்தது.

1874இல் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவரது ஆசான் பஃப்னூத்தி செபிஷேவ், ரஷ்யக் கணிதத்தில் ஒரு தனிப் பரம்பரையையே உருவாக்கியவர். 1878இல் தங்கப் பதக்கத்துடன் பட்டம் பெற்ற மார்கோவ், 1880இல் விரிவுரையாளரானார். செபிஷேவ் பல்கலைக்கழகத்தை விட்டு விலகிய பின்னர், 1883 முதல் நிகழ்தகவுப் பாடத்தைப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் மரியா வல்வாத்யேவாவைத் திருமணம் செய்துகொண்டார். மரியா, மார்கோவின் தந்தை நிர்வகித்த பண்ணையின் உரிமையாளருடைய மகள். ஒரு காலத்தில் மார்கோவிடம் கணிதம் படித்த மாணவி.

1896இல் விஞ்ஞானக் கழகத்தின் முழு உறுப்பினரானார். 1900இல் நிகழ்தகவு பற்றிய அவரது பாடநூல் வெளிவந்தது. அதற்குள் அவருக்கு வேறொரு பெயரும் சேர்ந்திருந்தது: மூர்க்கமான ஆந்த்ரேய். பிழை என்று பட்டதை அவர் சும்மா விடுவதில்லை. எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி.

கடவுளுக்கும் கணிதத்துக்கும் நடுவே ஒரு சண்டை

அந்த மூர்க்கம்தான் அவரை எழுத்து எண்ணும் வேலையிலும் கொண்டுபோய்விட்டது.

ஒரு காசை பத்துத் தடவை சுண்டினால் எட்டுத் தடவை தலை விழலாம். பத்தாயிரம் தடவை சுண்டினால் ஏறத்தாழப் பாதிக்குத் தலை விழும். இதைப் பெரும் எண்களின் விதி என்கிறோம். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜேக்கப் பேர்னூலியின் நூல், அவர் இறந்த பிறகு 1713இல் வெளியாகி, இதற்கு நிறுவலைத் தந்தது. ஒவ்வொரு சுண்டலும் மற்றதைச் சாராதது என்பதே அந்த நிறுவலின் அடிப்படை. முதல் தடவை விழுந்தது தலையா பூவா என்பது அடுத்த தடவையைப் பாதிப்பதில்லை.

மொஸ்கோவைச் சேர்ந்த பாவெல் நெக்ராசோவ் என்ற கணிதவியலாளர், இறையியல் கல்லூரியில் படித்துவிட்டுக் கணிதத்துக்கு வந்தவர். அவர் 1902இல் ஒரு வாதத்தை முன்வைத்தார். ஒன்றையொன்று சாராத நிகழ்வுகளுக்குத்தான் பெரும் எண்களின் விதி பொருந்தும் என்றார் அவர். திருமணங்கள், குற்றங்கள் போன்றவற்றின் புள்ளிவிபரங்கள் ஆண்டுக்காண்டு நிலையாக இருப்பதைப் பார்க்கிறோம். ஆகவே மனிதச் செயல்களும் ஒன்றையொன்று சாராதவை, மனிதனுக்குச் சுய விருப்பு உண்டு என்பதற்கு இது சான்று என்ற முடிவுக்கு வந்தார்.

சமய நம்பிக்கையைக் கணிதத்தின் பெயரால் நிறுவ முயன்றது மார்கோவைச் சீண்டியது. அந்த வாதத்தின் அத்திவாரமே பிழை என்று காட்ட அவர் முடிவெடுத்தார். 1906இல் வெளியான ஆய்வில், ஒன்றையொன்று சார்ந்த நிகழ்வுகளுக்கும் பெரும் எண்களின் விதி பொருந்தும் என்று நிறுவினார். மாரிகாலத்தில் இன்று மழை பெய்தால் நாளையும் மழை பெய்யும் வாய்ப்புக் கூடுதல். காசைப் போலன்றி, நாளைய நாள் இன்றைய நாளைச் சார்ந்திருக்கிறது. இப்படி ஒவ்வொரு படியும் தனக்கு முந்திய படியைச் சார்ந்து நகரும் தொடருக்குத்தான் இன்று மார்கோவ் சங்கிலி என்று பெயர்.

8,638 உயிரெழுத்துகள்

நிறுவல் தாளில் இருந்தது. நிஜ உலகில் இப்படியொரு சங்கிலியை எங்கே காண்பது? மார்கோவ் தேர்ந்தெடுத்தது மொழியை.

'யெவ்கேனி ஒனேகின்' நாவலின் முதல் அத்தியாயம் முழுவதையும் இரண்டாம் அத்தியாயத்தின் 16 செய்யுள்களையும் எடுத்தார். சொற்களுக்கிடையிலான இடைவெளிகளையும் நிறுத்தக்குறிகளையும் நீக்கினார். ஒலியில்லாத இரண்டு ரஷ்யக் குறிகளையும் விட்டுவிட்டார். மிஞ்சிய 20,000 எழுத்துகளை, பக்கத்துக்குப் பத்தாகப் பத்து வரிகள் கொண்ட 200 சதுரங்களாக எழுதினார். பிறகு எண்ணத் தொடங்கினார்.

உயிரெழுத்துகள் 8,638. மெய்யெழுத்துகள் 11,362. அதாவது கண்ணை மூடிக்கொண்டு ஓர் எழுத்தைத் தொட்டால் அது உயிராக இருக்கும் வாய்ப்பு 100க்கு 43.

அடுத்து, உயிருக்குப் பின்னால் உடனே இன்னோர் உயிர் வந்த இடங்களை எண்ணினார். 1,104 இடங்கள். அதிலிருந்து கிடைத்த கணக்குத்தான் முக்கியமானது. இப்போது கடந்துபோன எழுத்து உயிர் என்று நமக்குத் தெரிந்தால், அடுத்ததும் உயிராக இருக்கும் வாய்ப்பு 100க்கு 13 ஆகச் சரிகிறது. கடந்துபோனது மெய் என்று தெரிந்தால், அடுத்தது உயிராக இருக்கும் வாய்ப்பு 100க்கு 66 ஆக உயர்கிறது.

முன்னால் இருந்த ஒரேயோர் எழுத்து, அதுவும் அது உயிரா மெய்யா என்ற தகவல் மட்டும் தெரிந்ததற்கே 43 என்பது 13 ஆகவும் 66 ஆகவும் பிரிந்துவிட்டது.

தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமான சிந்தனை அல்ல. எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்று நம் இலக்கணிகள் பட்டியலிட்டிருக்கிறார்கள். இரண்டு உயிர்கள் சந்திக்க நேர்ந்தால் நடுவே யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக வந்து நிற்கும் என்பதும் பாடசாலையில் படித்ததுதான். அவர்கள் வகுத்தது விதி. மார்கோவ் செய்தது அந்த ஒழுங்கை எண்ணிக்கையாக மாற்றியது. பின்னர் 'பக்ரோவின் பேரனது குழந்தைப் பருவம்' என்ற அக்சகோவின் நூலிலிருந்து 100,000 எழுத்துகளையும் இதேபோல எண்ணினார்.

செருப்பில்லாத கல்விமான்

இந்த மனிதரின் பிடிவாதம் கணிதத்தோடு நிற்கவில்லை. 1902இல் எழுத்தாளர் மக்சிம் கோர்க்கி விஞ்ஞானக் கழகத்தின் கௌரவ உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். கோர்க்கி அரசியல் கண்காணிப்பில் இருந்தவர் என்பதால் சார் மன்னரின் தலையீட்டில் அந்தத் தெரிவு இரத்துச் செய்யப்பட்டது. அதை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் மார்கோவ் ஒருவர். 1908இல் மாணவர் கொந்தளிப்பின்போது, மாணவர்களைக் கண்காணிக்குமாறு பேராசிரியர்களுக்கு அரசு பணித்தது. அரசின் முகவராக வேலை பார்க்க அவர் மறுத்துவிட்டார்.

எழுத்தாளர் டோல்ஸ்டோயை ரஷ்ய மரபுவழித் திருச்சபை 1901இல் விலக்கி வைத்திருந்தது. 1912இல் மார்கோவ் தன்னையும் விலக்கிவிடுமாறு திருச்சபைக்குத் தானே விண்ணப்பித்தார். தன் நிலைப்பாட்டுக்கு ஆதாரமாக அவர் காட்டியவற்றுள் தனது நிகழ்தகவுப் பாடநூலும் ஒன்று. 1913இல் நாடே ரொமானோவ் அரச வம்சத்தின் 300ஆம் ஆண்டைக் கொண்டாடியது. பேர்னூலியின் நூல் வெளிவந்து 200 ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, பெரும் எண்களின் விதிக்கு மார்கோவ் அதே ஆண்டில் விழா எடுத்தார்.

1917இல் புரட்சி வந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவர் சராய்ஸ்க் என்ற சிறிய நகருக்குச் சென்று, பஞ்சம் நிலவிய காலத்தில் அங்கிருந்த பாடசாலையில் சம்பளமின்றிக் கணிதம் கற்பித்தார். அங்கிருந்து திரும்பியபோது கண்பார்வை மங்கியிருந்தது. சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. 1921இல், போட்டுக்கொள்ளக் காலணி இல்லாததால் விஞ்ஞானக் கழகக் கூட்டங்களுக்கு வரமுடியவில்லை என்று அறிவித்தார். விஞ்ஞானிகளின் வாழ்க்கைநிலையை மேம்படுத்துவதற்கான குழு அவருக்குக் காலணி வழங்க முடிவெடுத்தது. அந்தக் குழுவின் தலைவர், 19 ஆண்டுகளுக்கு முன்னர் எவருடைய ஆசனத்துக்காக மார்கோவ் குரல் கொடுத்தாரோ அதே மக்சிம் கோர்க்கி. காலணி வந்து சேர்ந்தது. தையல் மோசம், அளவும் பொருந்தவில்லை என்று மார்கோவ் அதையும் முறையாக முறைப்பாடு செய்தார்.

1922 ஜூலை 20ஆம் திகதி, 66ஆவது வயதில் அவர் காலமானார்.

தந்தையும் மகனும்

1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய கிளோட் ஷனன், தகவல்தொடர்பு பற்றிய தனது புகழ்பெற்ற ஆய்வில் மார்கோவ் சங்கிலியைக் கையிலெடுத்தார். ஒரு புத்தகத்தின் ஏதோவொரு பக்கத்தில் ஓர் எழுத்தைத் தொட்டுக் குறித்துக்கொள்வது, இன்னொரு பக்கத்தைத் திறந்து அதே எழுத்து வரும்வரை வாசித்து, அதற்கு அடுத்து நிற்கும் எழுத்தைக் குறித்துக்கொள்வது, இப்படியே தொடர்வது. முந்திய எழுத்து ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்தால் வருவது உளறல். இரண்டை எடுத்தால் சற்று ஆங்கிலம்போல ஒலிக்கிறது. சொற்களையே அலகாகக் கொண்டு முந்திய சொல்லைக் கணக்கில் எடுத்தால், ஆங்கேயிங்கே வாக்கியத் துண்டுகளே தென்படுகின்றன. பின்னால் பார்க்கக்கூடிய தூரம் கூடக்கூட, முன்னால் எழுதப்படுவது மொழியாகிறது.

இன்றைய மொழி மாதிரிகள் மார்கோவின் எளிய சங்கிலியைவிட வெகு சிக்கலானவை. ஓர் எழுத்தையல்ல, உரையாடலில் இருக்கும் ஆயிரக்கணக்கான சொற்களை ஒரே நேரத்தில் அவை கணக்கில் எடுக்கின்றன. எண்ணிக்கை அட்டவணைக்குப் பதிலாகப் பிரமாண்டமான நரம்பு வலையமைப்புகள் வந்துவிட்டன. மனிதருக்கு உதவும் விதமாகப் பதிலளிக்கவும் அவை பயிற்றப்படுகின்றன. எனினும் பதில் வெளிவரும் விதம் அதே வரிசையில்தான்: இதுவரை வந்தவற்றை வைத்து, அடுத்த சொல்லையோ சொல்லின் துண்டையோ நிகழ்தகவின்படி தெரிவு செய்வது, அதையும் சேர்த்துக்கொண்டு அதற்கு அடுத்ததைத் தெரிவு செய்வது.

மார்கோவின் மகனுக்கும் ஆந்த்ரேய் என்றே பெயர். 1903இல் பிறந்த அவரும் பெரிய கணிதவியலாளர். இந்த எழுத்துக்கோவையைக் கண்டால் அதை இந்தக் கோவையாக மாற்று என்பது போன்ற கறாரான கட்டளைகளால் ஆன ஒரு கணிப்பு முறையை அவர் உருவாக்கினார். அங்கே நிகழ்தகவுக்கு இடமில்லை. கட்டளையை எழுதியபடி இயந்திரம் செய்யும்.

ப்ரொம்ப்ட் எழுதும்போது நம்மில் பலர் மகனின் உலகத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கட்டளை இட்டுவிட்டோம், இனி வேலை நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம். உண்மையில் நாம் இருப்பது தந்தையின் உலகத்தில். நாம் எழுதுவது கட்டளைபோலத் தோன்றினாலும், மாதிரிக்கு அது இனி வரப்போகும் எழுத்துக்கு முன்னால் நிற்கும் பகுதி.

ஆட்சியருக்கா, அரசாங்க அதிபருக்கா?

இது நமக்கு ஏன் முக்கியம்? நம் ஊர் உதாரணம் ஒன்றைப் பார்க்கலாம். கிராமத்து வீதி உடைந்து கிடக்கிறது. முறைப்பாட்டுக் கடிதம் ஒன்று எழுதித்தா என்று மட்டும் மொழி மாதிரியிடம் தமிழில் கேட்கிறோம். அது எந்த நாட்டுக் கடிதத்தை எழுதும்? நாம் எங்கிருந்து கேட்கிறோம் என்று ப்ரொம்ப்ட்டில் இல்லாதபோது, தான் கற்ற எழுத்துகளில் அதிகம் கண்ட வழியில் போகவே வாய்ப்புக் கூடுதல். தமிழில் எழுதப்பட்டவற்றில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. இலங்கையின் பங்கு சிறிது. ஆகவே கடிதம் மாவட்ட ஆட்சியருக்கோ ஊராட்சி மன்றத் தலைவருக்கோ எழுதப்பட்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. இரண்டு பதவிகளும் இலங்கையில் இல்லை. மார்கோவின் கணக்கில் சொன்னால், இது முன்னெழுத்துத் தெரியாதவர் சொல்லும் 43.

இப்போது கேள்வியை மாற்றுவோம். நான் இலங்கையின் வடமாகாணத்தில் வசிக்கிறேன். கடிதம் பிரதேச சபைத் தவிசாளருக்கு. பிரதி பிரதேச செயலாளருக்கும் கிராம அலுவலருக்கும் போகவேண்டும். வீதி மழைக்குப் பின் உடைந்தது. பாடசாலைப் பிள்ளைகள் அந்த வழியால்தான் போகிறார்கள். ஒரு பக்கத்துக்கு மேற்படக்கூடாது. இலங்கை அலுவலகக் கடிதங்களின் நடை வேண்டும். இவற்றில் ஒவ்வொரு தகவலும், மார்கோவுக்குத் தெரியவந்த அந்த முந்திய எழுத்தைப் போன்றது. வரக்கூடிய ஆயிரம் கடிதங்களில் பொருந்தாதவற்றின் வாய்ப்பைக் குறைத்து, பொருந்தக்கூடியவற்றின் வாய்ப்பைக் கூட்டுகிறது.

நல்ல ப்ரொம்ப்ட் பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன. 'மிகச் சிறப்பாக எழுது' என்பது எதையும் குறுக்குவதில்லை. யார் வாசிக்கப்போகிறார்கள், எதற்காக என்பது குறுக்கும். எந்த நடை வேண்டும் என்று அடைமொழிகளால் விபரிப்பதைவிட, ஏற்கெனவே எழுதிய நல்ல கடிதம் ஒன்றை மாதிரியாக ஒட்டிவிடுவது கூடுதல் பயன் தரும். உரையாடல் பிழையான திசையில் வெகுதூரம் போய்விட்டால், அதற்குள்ளேயே திருத்திக்கொண்டிருப்பதைவிடப் புதிய உரையாடலைத் தொடங்குவது மேல். பழைய பிழைகளும் முன்னால் வந்தவற்றின் ஒரு பகுதியாகி, அடுத்ததைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்.

மார்கோவின் எண்ணிக்கை இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. அடுத்து உயிரெழுத்து வருமா என்பதை அவரது அட்டவணை சொல்லும். புஷ்கின் எழுதிய வரி உண்மையா பொய்யா என்பதை அது சொல்லாது. மொழி மாதிரிக்கும் இந்த இடைவெளி உண்டு. வரக்கூடியது என்பது வேறு, உண்மையானது என்பது வேறு. தடையில்லாத தமிழில், உறுதியான தொனியில், இல்லாத சுற்றறிக்கை ஒன்றின் இலக்கத்தை அது எழுதித்தரலாம். எவ்வளவு நல்ல ப்ரொம்ப்ட்டும் அந்த அபாயத்தைக் குறைக்குமே தவிர இல்லாமற் செய்யாது. திகதி, சட்டப்பிரிவு, மருந்தின் அளவு, ஒருவரின் பெயர் ஆகியவற்றை மூல ஆவணத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு எழுதுபவரிடமே இருக்கிறது.

பேராசிரியர் ஒருவர் கணிதத்தின் பெயரால் சொன்னார் என்பதற்காக மார்கோவ் நெக்ராசோவின் முடிவை ஏற்றுக்கொள்ளவில்லை. உட்கார்ந்து 20,000 எழுத்துகளை எண்ணினார். இயந்திரம் எழுதித்தந்த கடிதத்தை அனுப்புவதற்கு முன்னர், அது யாருக்கு முகவரியிடப்பட்டிருக்கிறது என்றாவது நாம் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.